மேற்கு எந்தப் பக்கம்?

ஐப்பசி மாதத்து மழை மூட்டம். சென்னைக்கு வரும் பகல் வண்டி விழுப்புரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எதிர் ஆசனத்தில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு பெரியவர். பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க அவருடைய மகன். பெரியவர் ஜன்னல் வழியாக வானத்தை இரண்டு மூன்று தடவை அண்ணாந்து பார்த்தார். வானம் சாம்பல் பூசிக்கொண்டு கிடந்தது. சூரியன் இருக்கும் இடமே தெரியவில்லை.

"தம்பி, மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஐம்பது வயதைக் கடந்துவிட்ட என்னைத் தம்பி என்று அழைக்க உலகத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆனால் பதில்தான் தெரியவில்லை. நின்ற இடத்தில் கேட்டால் சொல்லலாம்; ஓடுகிற வண்டியில் கேட்டால்?

"கொஞ்சம் பொறுங்க அத்தா, செல்போனிலே பார்த்துச் சொல்றேன்" என்றான் மகன். அதன் முகத்தில் ஒரு முள் தோன்றிற்று. இரும்புப் பெட்டிக்குள் அகப்பட்ட முள் அல்லவா? இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு ஒருவாறு நின்றது. பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொரு சங்கதி அத்தா. நம்ம ஊர்ப் பள்ளிவாசலை நேர் மேற்கே பார்த்துத்தான் கட்டியிருக்காங்க. கணக்குப்படி வடக்கே இன்னும் இருபது பாகை திரும்பியிருக்கணும்" என்றான் மகன்.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்படீன்னா எங்க அத்தா எழுபது வருஷம் அந்தச் சுவரைப் பார்த்துத் தொழுதாரே, அதெல்லாம் எந்தக் கணக்கிலே சேரும்?"

மகனிடம் பதில் இல்லை. செல்போனிலும் அதற்கு முள் இல்லை.

பெரியவர் உட்கார்ந்தபடியே தொழ ஆரம்பித்தார். நடுவில் வண்டி ஒரு வளைவில் திரும்பிற்று. அவர் முகம் இப்போது வேறு திசையில் அல்லவா இருக்கிறது என்று நான்தான் தவித்தேன். அவர் தவிக்கவில்லை. முடித்த பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "ஆரம்பிக்கும்போது பார்த்துக்கிட்டோம் தம்பி. அப்புறம் வண்டி வளைஞ்சா அது வண்டிக்காரன் பாடு" என்று சிரித்தார்.

நான் மார்க்கக் கல்வி கற்றவன் அல்லன்; கதை எழுதிக் காலம் தள்ளுகிறவன். ஆனாலும் அந்தப் பெரியவரின் கேள்வி எழும்பூரில் இறங்கிய பிறகும் என்னுடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது. நாலைந்து புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு புரட்டினேன். அந்தக் கேள்விக்கு வயது ஆயிரத்து நானூறு என்று தெரிந்தது!

* * *

உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் முஸ்லிம்கள் மக்காவில் உள்ள கஃபாவை நோக்கியே தொழுகிறார்கள். அந்தத் திசைக்குக் 'கிப்லா' என்று பெயர். ஆனால் முதலிலிருந்தே கஃபாதான் கிப்லாவாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 622-ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் மக்காவை விட்டு மதீனா வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு பதினாறு அல்லது பதினேழு மாத காலம், மதீனாவில் இருந்தவர்கள் ஜெருசலத்தை நோக்கியே தொழுதார்கள். 624-ஆம் ஆண்டில் கட்டளை மாறிற்று. கஃபாவை நோக்கித் திரும்பும்படி உத்தரவு வந்தது.

இது ஏதோ நாலு பாகை நகர்ந்த சமாசாரம் அல்ல. மதீனாவுக்கு வடக்கே இருக்கிறது ஜெருசலம்; தெற்கே இருக்கிறது மக்கா. அதாவது முகம் இருந்த இடத்தில் முதுகும், முதுகு இருந்த இடத்தில் முகமும் வர வேண்டும். மதீனாவை அடுத்த குபா என்ற ஊரில் அதிகாலைத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் வந்து செய்தியைச் சொன்னான். அவர்கள் தொழுகையை முறிக்கவில்லை. நாளை முதல் பார்த்துக் கொள்ளலாம் என்று ஒத்திப் போடவும் இல்லை. இருந்தபடியே மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். மதீனாவில் 'இரண்டு கிப்லாப் பள்ளிவாசல்' என்ற பெயரில் ஒரு பள்ளிவாசல் அந்தத் திருப்பத்தின் நினைவாக இன்றும் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் சிலருடைய மனத்தில் ஒரு சந்தேகம் எழுந்தது. அது என்ன சந்தேகம், அதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதை இப்போது சொல்லப் போவதில்லை. கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கெட்ட வழக்கம் உண்டு. கடைசியில் சொல்லுகிறேன்.

* * *

மதீனாவில் இருந்தவரை திசை ஒரு பிரச்சினையே அல்ல. மக்காவுக்குப் போகும் வழி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் இஸ்லாம் கிழக்கே சிந்து நதிக்கும் மேற்கே ஸ்பெயினுக்கும் போய்விட்டது. புதிய ஊர்; புதிய வானம். மக்கா எங்கே என்று யாரைக் கேட்பது?

சூரியன் எழுமிடம், விழுமிடம், காற்று வரும் திக்கு, நட்சத்திரங்கள் தோன்றும் இடம் ஆகியவற்றைக் கொண்டு திசை தேறினார்கள். எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸ் 641-642-ஐ ஒட்டி ஃபுஸ்தாத்தில் ஒரு பள்ளிவாசல் கட்டினார். அங்கே குளிர்காலத்தில் சூரியன் உதிக்கும் திக்கே கிப்லாவாகக் கொள்ளப்பட்டது. பின்னால் வந்த கணித வல்லுநர்கள், இன்னும் தெற்கே தள்ளிப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். ஆனால் ஃபுஸ்தாத்தின் திசைக்கு வேறொரு பெருமை சேர்ந்திருந்தது. அது நபிகளின் தோழர்கள் நின்று தொழுத திசை! கணக்குப் பெரியதா, தோழர்களின் காலடி பெரியதா? கெய்ரோவில் பல நூற்றாண்டுகள் இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள்.

இந்த வழக்கு மிகவும் உருக்கமாக நடந்த இடம் ஸ்பெயின் தேசத்துக் கார்டோபா. டமாஸ்கஸிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்து அங்கே ஓர் அரசை நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான், 785-ஐ ஒட்டிப் பெரிய பள்ளிவாசல் ஒன்றைத் தொடங்கினான். இன்றைக்கும் உலகத்தார் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வரும் அந்தத் தூண் வனந்தான் அது. கார்டோபாவிலிருந்து மக்கா, கிழக்கிலிருந்து தெற்கே பத்துப் பாகைதான் தள்ளியிருக்கிறது. பள்ளிவாசலோ ஏறக்குறைய அறுபது பாகை தள்ளித் தெற்கைப் பார்த்து நிற்கிறது. ஐம்பது பாகை வித்தியாசம்!

பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் அல் ஹகம் கலீபா ஆனான். புத்தகப் பித்தன். அவனுடைய நூல் நிலையம் ஐரோப்பா முழுவதிலும் பேர் பெற்றது. வான சாஸ்திரிகள் அவன் சபையில் இருந்தார்கள். பள்ளிவாசலை அவன் பெரிதாக்கத் தொடங்கியபோது அவர்கள், "இதுதான் சமயம். கிப்லாவைக் கிழக்கே திருப்பிவிடலாம்" என்று யோசனை சொன்னார்கள். கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. அதிகாரமும் பணமும் கலீபாவிடம் இருந்தன. ஆனால் ஊர் கலங்கிற்று. தங்கள் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழுத திசையை மாற்றுவதா என்று ஜனங்கள் வருந்தினார்கள். கலீபா யோசித்தான். முன்னோர் வழியிலேயே விட்டுவிட்டான். பள்ளிவாசல் பழைய திசையிலேயே இன்னும் தெற்கே நீண்டது. அவனுடைய கட்டடத்தில் மின்னும் கண்ணாடிச் சில்லுகள் பதித்த மிஹ்ராப் மாடம் உலகத்தின் அழகுகளில் ஒன்று. அது பார்ப்பதென்னவோ மக்காவை அல்ல.

வேடிக்கை என்னவென்றால், அதே கார்டோபாவுக்கு வெளியே அவனுடைய தகப்பன் 941-ஐ ஒட்டி மதீனத்துஸ் ஸஹ்ராவில் எழுப்பிய பள்ளிவாசல் சரியான திசைக்கு வெகுவாக நெருங்கி வந்துவிட்டது. அங்கே ஊரே புதிது; அந்தச் சுவரைப் பார்த்துத் தொழுத தாத்தா எவரும் இல்லை!

கணக்குத் தெரியாததால் மட்டும் பழைய சுவர்கள் நிற்பதில்லை. தெரிந்த பிறகும் நிற்கின்றன.

* * *

கணக்கைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கணக்கை எவ்வளவு பாடுபட்டு மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லாமல் விட்டால் அல் பிரூனி என்னை மன்னிக்க மாட்டார்.

கஜினி முகம்மதுவை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அவன் 1017-ஆம் ஆண்டில் மத்திய ஆசியாவின் குவாரிஸம் நாட்டைப் பிடித்தபோது, கொள்ளைப் பொருள்களுடன் சில அறிஞர்களையும் கஜினிக்குக் கொண்டுபோனான். அவர்களில் ஒருவர்தான் அல் பிரூனி. வயது நாற்பத்து நாலு. 1018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் அவர் இருந்தார். சூரியனின் உயரத்தை அளந்து பார்க்க ஆசை. கையில் ஒரு கருவியும் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? கணக்குப் போடும் பலகையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் ஒரு வில்லை வரைந்து பாகை பாகையாகப் பிரித்து, ஒரு தூக்கு நூலையும் கட்டிவிட்டார். கருவி தயார்!

1025-ஆம் ஆண்டில் அவர் முடித்த ஒரு நூலின் விஷயம், ஊர்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக நிச்சயிப்பது. அதில் அவர் முக்கியமாக எடுத்துக்கொண்ட காரியம் கஜினியின் கிப்லாவைக் கண்டுபிடிப்பது. அதற்கு இரண்டு ஊர்களும் பூமியில் எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். பூமி உருண்டை என்பதால், உருண்டையின் மேல் கோணம் அளக்கும் கணிதமும் தெரிய வேண்டும். பூமியின் சுற்றளவு எவ்வளவு என்பதையும் அவர் விடவில்லை. இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையில் ஒரு குன்றின் உயரத்தை அளந்தார். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். இந்த இரண்டைக் கொண்டே பூமியை அளந்துவிட்டார்.

அவருக்குப் பிறகு வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. யமன் நாட்டு இளவரசர் அல் அஷ்ரஃப், 1290-ஐ ஒட்டி, காந்த ஊசியைக் கொண்டு கிப்லா பார்ப்பதை எழுதி வைத்தார். பதினாலாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் நேரம் கணித்துச் சொல்லும் உத்தியோகத்தில் இருந்த அல் கலீலி, எந்த ஊருக்கும் கிப்லாவை எடுத்துக்கொள்ளலாம்படி ஏறக்குறைய மூவாயிரம் விடைகள் கொண்ட வாய்பாடு ஒன்று போட்டார். பாரசீகத்தில் பதினேழாம் நூற்றாண்டில் செய்த பித்தளை வட்டம் ஒன்று 1989-ஆம் ஆண்டில் லண்டன் ஏலத்துக்கு வந்தபோது ஆராய்ச்சியாளர்கள் திகைத்துப் போனார்கள். மக்காவை நடுவில் வைத்த உலகப் படம் அது. ஊரின் பேரைப் பார்த்து மேலே உள்ள சட்டத்தைத் திருப்பினால் திசையும் தெரியும், தூரமும் தெரியும்!

ஆகவே, ரயிலில் அந்தப் பையனுடைய செல்போன் செய்தது ஒரு புதிய கணக்கு அல்ல. அல் பிரூனி பலகையின் முதுகில் தொடங்கிய கணக்கைத்தான் அது கண் இமைக்கும் நேரத்துக்குள் போட்டது. அதிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வானத்துச் செயற்கைக் கோள்களைக் கேட்டு அது போடும் கணக்குத் தப்பாது. ஆனால் அதன் வயிற்றுக்குள் இருக்கும் காந்த முள், பக்கத்தில் இரும்பு இருந்தால் தப்பும். கணக்குப் பிள்ளை கெட்டிக்காரர்; வழிகாட்டிதான் சற்றுச் சபல புத்திக்காரர்.

* * *

கார்டோபாவில் ஊர் ஜெயித்தது, கணக்குத் தோற்றது. அதற்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஜாவாத் தீவில் அதே வழக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை அழுதவர் கணக்குக்காரர்.

யோக்யகர்த்தா நகரில் சுல்தானின் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே சமய உரை ஆற்றும் உத்தியோகத்தில் இருந்தார் அகமது தஹ்லான் என்ற இளைஞர். 1868-ஆம் ஆண்டில் பிறந்தவர். மக்காவுக்குச் சென்று படித்துவிட்டு வந்தவர். ஜாவாவில் பல பள்ளிவாசல்கள் நேர் மேற்கை நோக்கி நின்றன. மேற்கே போனால் மக்கா என்பது பரம்பரை நம்பிக்கை. தஹ்லான் தேசப் படத்தை விரித்தார். யோக்யகர்த்தாவிலிருந்து நேர் மேற்கே போனால் ஆப்பிரிக்காவில் அல்லவா கரை ஏற வேண்டும்? மக்கா இருப்பதோ மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24½ பாகை தள்ளி.

அவர் ஊர்ப் பெரியவர்களுடன் பேசிப் பார்த்தார். பேச்சு முடிவு காணவில்லை. ஒரு நாள் காலையில் பெரிய பள்ளிவாசலின் தரையில் புதிய வரிசைக் கோடுகள் சாய்வாகப் போடப்பட்டிருந்தன. தலைமை மத அதிகாரிக்குக் கோபம் வந்தது. கோடுகளை அழிக்கச் சொன்னார். தஹ்லான் தம்முடைய சொந்தத் தொழுகைக் கூடத்தைச் சரியான திசையில் கட்டினார். அதையும் இடித்துவிட உத்தரவு வந்தது. 1898-ஆம் ஆண்டில் ஓர் இரவு, அந்தக் கூடம் தரைமட்டமாயிற்று.

அந்த இரவை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். இடித்தவர்களும் இறைவனைத் தொழுகிறவர்கள். கட்டியவரும் இறைவனைத் தொழுகிறவர். இருவருக்கும் மக்கா ஒன்றே. நடுவில் இருந்தது 24½ பாகை! தஹ்லான் மனம் நொந்து ஊரை விட்டே போய்விடத் தீர்மானித்தார். குடும்பத்தார் தடுத்து நிறுத்தினார்கள். கூடத்தைத் திரும்பக் கட்டிக் கொடுப்பதாகச் சொல்லித் தேற்றினார்கள். அவர் தங்கிவிட்டார். 1912-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி அவர் தொடங்கிய 'முகம்மதியா' இயக்கம் இன்று இந்தோனேஷியாவில் பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் பல்கலைக் கழகங்களையும் நடத்துகிறது. அன்று இரவு அவர் ரயில் ஏறிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

* * *

கணக்கே சரி என்று ஒப்புக்கொண்டவர்களுக்கும் ஒரு சோதனை வந்தது. அது நடந்த இடம் அமெரிக்காவின் தலைநகரமான வாஷிங்டன்.

அங்கே 1949-ஆம் ஆண்டில் அஸ்திவாரக் கல் நாட்டி ஒரு பள்ளிவாசல் கட்டத் தொடங்கினார்கள். எகிப்து அரசாங்கத்தின் அறநிலைய இலாகாவில் வேலை பார்த்த மரியோ ரோஸி என்ற இத்தாலியர் அதற்குத் திட்டம் வரைந்தார். 1953-ஐ ஒட்டிக் கட்டடம் உருவாகி வந்தபோது, முஸ்லிம் நாடுகளின் தூதர்கள் சிலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிவாசல் வட கிழக்கை நோக்கி இருந்தது! வாஷிங்டனை விட மக்கா எவ்வளவோ தெற்கே இருக்கும் ஊர். தேசப் படத்தைப் பார்த்தால் தென்கிழக்கே அல்லவா திரும்ப வேண்டும்?

வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் நேயர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். ஒரு நூலின் ஒரு முனையை வாஷிங்டனிலும் மறு முனையை மக்காவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் வாஷிங்டனை விட்டுக் கிளம்பும்போது வட கிழக்கே ஏறும். அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் வளைந்து, பிறகு தெற்கே இறங்கி மக்காவை அடையும். உருண்டையின் மேல் குறுக்கு வழி அதுதான். தட்டையான படம் நம் கண்ணை ஏமாற்றுகிறது. வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 56½ பாகை என்று எகிப்தியர்கள் போட்ட கணக்குச் சரியே என்று தேசப் படக் கலை வல்லவர்களும் சொன்னார்கள். 1957-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி திறப்பு விழாவுக்கு ஜனாதிபதி ஐசன்ஹோவர் வந்திருந்தார்.

அந்தக் கட்டடத்தில் என் மனத்தைக் கவர்ந்த அம்சம் வேறொன்று. தெருவை ஒட்டிய முகப்பு வளைவுகள் தெருவுக்கு நேராக நிற்கின்றன. அதன் பின்னால் பள்ளிவாசல் மட்டும் சாய்ந்து திரும்பி மக்காவை நோக்குகிறது. இது புதிய தந்திரம் அல்ல. கெய்ரோவில் 1125-ஆம் ஆண்டில் கட்டி முடித்த அல் அக்மர் பள்ளிவாசலிலும் இதே ஏற்பாடுதான். முகப்புத் தெருவுக்குக் கட்டுப்பட்டது. உள்ளே தொழும் இடம் கிப்லாவுக்குக் கட்டுப்பட்டது. ஊரோடு ஒட்டி வாழவும் வேண்டும், உள்ளத்தின் திசையையும் விடக் கூடாது என்று நினைப்பவனுக்கு அந்தக் கொத்தனார் ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடம் சொல்லி வைத்திருக்கிறார்.

* * *

பூமியை விட்டே போய்விட்டால்?

2007-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி மலேசியாவைச் சேர்ந்த ஷேக் முஸஃபர் ஷுக்கூர் என்ற எலும்பு வைத்தியர் ரஷ்ய ராக்கெட்டில் ஏறி விண்வெளி நிலையத்துக்குப் போனார். அப்போது ரமலான் மாதம். அந்த நிலையம் சுமார் தொண்ணூறு நிமிஷத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஒரு நாளில் பதினாறு சூரியோதயம். தொழத் தொடங்கும்போது எதிரே இருந்த மக்கா, முடிப்பதற்குள் காலடிக்கோ முதுகுக்கோ போய்விடும். இவருக்கு முன்பே, 1985-இல், சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் அமெரிக்க விண்கலத்தில் போய்வந்தார். ஆனால் இந்தத் தடவை மலேசியர்கள் விஷயத்தை முறையாக ஆராய நினைத்தார்கள். 2006-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகளையும் மார்க்க அறிஞர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார்கள். அதன் பிறகு அந்நாட்டு மார்க்கத் தீர்ப்புச் சபை வழிகாட்டிக் குறிப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது.

அதன் சாரம் இதுதான்: முடிந்தால் கஃபாவையே நோக்கு. முடியாவிட்டால், கஃபாவுக்கு நேர் மேலே வானத்தில் அது இருப்பதாகக் கொண்டு அந்த இடத்தை நோக்கு. அதுவும் முடியாவிட்டால் பூமியை நோக்கு. அதுவும் முடியாதபோது எங்கே முடியுமோ அங்கே.

இதைப் படித்தபோது எனக்கு ரயில் பெரியவர்தான் ஞாபகம் வந்தார். "ஆரம்பிக்கும்போது பார்த்துக்கிட்டோம் தம்பி!" விஞ்ஞானிகளும் அறிஞர்களும் கூடி வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் மூன்றாம் வகுப்புப் படிப்போடு முன்னமேயே போய்ச் சேர்ந்துவிட்டார் போலும்.

உண்மையில் இந்த நான்கு படிகளும் பழைய மார்க்க சட்ட அறிஞர்களின் வாதத்திலிருந்து பிறந்தவையே. கஃபாவைக் கண்ணால் காண்கிறவன் அதையே நோக்க வேண்டும். இதில் வேற்றுமை இல்லை. தூரத்தில் இருக்கிறவன்? கஃபாவையே குறி வைத்து முயல வேண்டும் என்றது இமாம் ஷாஃபியைப் பின்பற்றியவர்களில் ஒரு சாரார். கஃபா இருக்கும் பக்கத்தை நோக்கினால் போதும் என்றார்கள் ஹனபிகள் முதலிய மற்றவர்கள். ஆனால் இரு சாராரும் ஒப்புக்கொண்டது ஒன்று உண்டு: தெரிந்துகொள்ள மனமார முயல வேண்டும். முயற்சி கடமை, அதற்கு மேல் இருப்பது மனிதன் கையில் இல்லை.

இந்தோனேஷியாவில் இந்தக் கதைக்கு ஒரு பின்னுரையும் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நாட்டு உலமாக்கள் சபை, கிப்லா மேற்கு என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. மேற்கே இருப்பது ஆப்பிரிக்கா ஆயிற்றே என்று பலர் எடுத்துச் சொன்னார்கள். சபை வீம்பு பிடிக்கவில்லை. அதே ஆண்டில் தீர்ப்பைத் திருத்தி, வட மேற்கு என்று அறிவித்தது. கூடவே ஒரு வார்த்தையும் சேர்த்தது: திசை தப்பிய பள்ளிவாசல்களை இடிக்க வேண்டாம், தொழுகை வரிசையை மட்டும் திருப்பிக்கொண்டால் போதும். தஹ்லானுக்குக் கோடு போட இடம் கொடுக்காத யோக்யகர்த்தாப் பெரிய பள்ளிவாசலிலும் இன்று வரிசைகள் சாய்வாகத்தான் இருக்கின்றன. சுவர் பழைய சுவர். கோடு புதிய கோடு.

கார்டோபாவில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை இது. கணக்கும் தோற்கவில்லை, தாத்தாவும் தோற்கவில்லை!

* * *

இப்போது நான் ஒத்திப் போட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

624-ஆம் ஆண்டில் கிப்லா மாறியபோது மதீனாவில் சிலருக்கு எழுந்த சந்தேகம் இது: நாம் திரும்பிவிட்டோம், சரி. ஆனால் இந்தக் கட்டளை வருவதற்கு முன்பே ஜெருசலத்தை நோக்கித் தொழுதவாறே இறந்து போனார்களே நம்முடைய சகோதரர்கள், அவர்களுடைய தொழுகை என்ன ஆவது?

அந்தப் பெரியவரின் கேள்வி அப்படியே இருக்கிறதல்லவா? திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில், திசை மாற்றத்தைப் பற்றிப் பேசும் இடத்திலேயே இதற்கு விடை வருகிறது. அவர்களுடைய விசுவாசத்தை இறைவன் வீணாக்கிவிட மாட்டான் என்பது அதன் கருத்து. அதே அத்தியாயத்தில் இன்னோரிடத்தில், முகத்தைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்புவது மட்டும் புண்ணியம் ஆகிவிடாது என்றும், ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பொருள் கொடுப்பதும் சொன்ன சொல்லைக் காப்பதும் துன்பத்தில் பொறுமையுமே புண்ணியம் என்றும் கருத்து வருகிறது.

அதற்காக, திசை எப்படி இருந்தால் என்ன என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் பலகையின் முதுகில் வில் வரைந்த அல் பிரூனிக்கும், கூடத்தை இழந்த தஹ்லானுக்கும் துரோகம் செய்தவன் ஆவேன். தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது தெரிந்துகொள்ளாமல் இருப்பது பக்தி அல்ல, சோம்பல். மகன் செல்போனை எடுத்தது சரிதான். அதே சமயத்தில், செல்போன் இல்லாத காலத்தில் சூரியன் சாயும் திக்கைப் பார்த்து, இதற்குமேல் எனக்குத் தெரியாது என்று நெற்றியைத் தரையில் வைத்தவரின் எழுபது வருஷத்தை அழிக்கும் அதிகாரம் எந்த முள்ளுக்கும் இல்லை.

சென்னையிலிருந்து பார்த்தால் மக்கா மேற்குக்கு வடக்கே ஏறக்குறைய 18 பாகையில் இருக்கிறது, திருச்சியிலிருந்து 21, மதுரையிலிருந்து 22. மகன் சொன்னது தவறல்ல. இதைச் சோதிக்கச் செல்போனும் தேவையில்லை. ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் கஃபாவின் உச்சிக்கு நேராக வருகிறான். அந்த நேரத்தில் கஃபாவுக்கு நிழலே விழாது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நஸீருத்தீன் தூஸி என்ற பாரசீக வான சாஸ்திரி இதைக் கொண்டு கிப்லா பார்க்கலாம் என்று எழுதினார். நம் கடிகாரப்படி மே 28-ஆம் தேதியை ஒட்டிப் பிற்பகல் 2 மணி 48 நிமிஷத்துக்கும், ஜூலை 16-ஆம் தேதியை ஒட்டி 2 மணி 57 நிமிஷத்துக்கும் அது நேருகிறது. அக்கினி நட்சத்திரம் விடைபெறும் சமயத்தில் முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு வைத்தால் போதும். கம்பின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் மக்கா இருக்கிறது.

அந்தப் பெரியவரை மறுபடி எந்த ரயிலிலாவது சந்தித்தால் ஒன்று சொல்ல ஆசை. "பெரியவரே, பள்ளிவாசல் சுவரை அப்படியே இருக்க விடுங்கள், அது உங்கள் அத்தா பார்த்த சுவர். கீழே விரிக்கும் பாயை மட்டும் மகன் சொல்கிறபடி சற்றே வடக்கே திருப்பிப் போடுங்கள். இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும்."

அவர் சிரிப்பார் என்றே நினைக்கிறேன். எனக்கு முன்னாலேயே அவருக்கு இது தெரிந்திருக்கும்.